சங்கத்தின் இணையக் கடையை நாமே நிறுவும் முறை

பெரிய முதலியார்சாவடி என்னும் பெயரிலேயே ஒரு சாவடி இருக்கிறது. வழிப்போக்கர் இறங்கி இளைப்பாறும் இடத்துக்குச் சாவடி என்று பெயர். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரியை நோக்கி வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வருவோர் இன்றும் இவ்வூருக்கருகே வண்டியை நிறுத்துகின்றனர். முந்திரிப்பருப்பு வாங்குகின்றனர், கைத்தறித் துண்டு வாங்குகின்றனர், நன்றாயிருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போகின்றனர். வீடு போய்ச் சேர்ந்தபின், அதே துண்டு இன்னும் நான்கு வேண்டுமென்று தோன்றினால் யாரிடம் கேட்பது? நம் முகவரி அவர்களிடம் இல்லை. அவர்கள் முகவரி நம்மிடம் இல்லை. ஒரு முறை வந்த வாடிக்கை ஒரே முறையோடு போய்விடுகிறது.

இக்குறையைத் தீர்க்கும் சாதனங்களுள் ஒன்று இணையக் கடை. நெசவாளர் சங்கங்களின் சரக்கை ஒருங்கே விற்பதற்காக 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் இன்று இணையத்திலும் விற்கிறது. பெரிய முதலியார்சாவடியை அடுத்துள்ள ஆரோவில்லின் தொழிற்பிரிவுகளும் தம் பொருள்களை அவ்வாறே விற்று வருகின்றன. அவை பெரிய ஸ்தாபனங்கள், நமக்கு ஆகுமா என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். ஆகும் என்பதே நம் விடை. எனினும் எப்படி ஆகும், எங்கே சறுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பெருவணிக இணையச் சந்தைகளில் ஒரு மூலையைப் பெற்று விற்பதும் ஒரு வழிதான். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு விற்பனையிலும் தரகு கழிக்கப்படும். அதைவிட முக்கியமாக, வாங்கியவர் யார் என்னும் பேரேடு சந்தைக்காரரிடமே தங்கிவிடும். நூல் கொடுத்துச் சேலையைப் பெற்றுக்கொண்டுபோன பழைய வியாபாரிக்கு வாடிக்கையாளரைத் தெரியும், நெய்தவருக்குத் தெரியாது. அந்த நிலைமையை மாற்றத்தான் சங்கங்கள் ஏற்பட்டன. வாடிக்கையாளரின் பெயர்ப் பேரேடு சங்கத்தின் கையில் இருக்க வேண்டுமானால், சங்கத்துக்கென்று ஒரு கடை வேண்டும்.

கடைக்கு மனை வேண்டும். இணையத்தில் மனை என்பது, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் வழங்கிக் கணினி ஒன்றில் நமக்கென்று ஒதுக்கப்படும் இடமாகும். தனி வழங்கியை வாடகைக்கு எடுக்க நம் போன்ற சங்கங்களுக்குக் கட்டாது. ஆகவே ஒரே வழங்கியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகிர்வு ஹோஸ்டிங் முறையே நமக்கு ஏற்றது. மரக்காணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் வரும் உவர்நீரைப் பல பாத்திக்காரர்கள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். வரப்பு தனித்தனி, வாய்க்கால் பொது. மேல்பாத்திக்காரர் அளவுக்கு மீறி இழுத்தால் கீழ்ப்பாத்தியில் நீர் குறையும். பகிர்வு ஹோஸ்டிங்கிலும் அண்டை மனைக்காரரின் கடையில் கூட்டம் மிகுந்தால் நம் கடை மெதுவாகும். “வரம்பற்ற இடம்” என்று விளம்பரத்தில் கண்டாலும், கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும்.

மனைக்கு அடுத்தது கட்டடம். அதாவது கடை மென்பொருள். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் போன்ஸே டி லியோன் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் அவற்றுள் மூத்தது. அதிலிருந்து பிரிந்த ஸென்கார்ட் 2003-இல் வந்தது. பிரான்ஸ் தேசத்துப் பிரெஸ்டாஷாப் 2007-இலும், வேர்ட்பிரஸ்ஸின் மேல் அமர்ந்து இயங்கும் வூகாமர்ஸ் 2011-இலும் தோன்றின. ஓப்பன்கார்ட் என்பது மற்றொன்று. எல்லாவற்றின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே: பிஎச்பி மொழியில் எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரு புறம், சரக்கு, விலை, வாடிக்கையாளர், ஆர்டர் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் மறுபுறம். கோப்புகள் கடைக் கட்டடம் என்றால், தரவுத்தளம் கடையின் கணக்குப் புத்தகம். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இப்பாடத்தில் பாதி முடிந்தது. இங்கே நாம் ஓப்பன்கார்ட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

ஒரே பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானே நிறுவப்படும் வசதியைப் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தருகின்றன. பின் ஏன் கையால் நிறுவ வேண்டும்? நாம் அறிந்த சங்கம் ஒன்றில் பொத்தானை அழுத்தியே கடை திறந்தார்கள். அழுத்தியவர் ஓர் இளைஞர், கெட்டிக்காரர், ஊதியம் வாங்காமல் செய்து கொடுத்தார். இரண்டு தீபாவளிகளுக்கு விற்பனை நன்றாகவே நடந்தது. பிறகு அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒரு நாள் கடை திறக்கவில்லை. இணையப் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தன. புதுப்பிக்க வேண்டுமென்ற அறிவிப்புகளெல்லாம் அவர் பார்ப்பதை விட்டுவிட்ட அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. கோப்புகள் எங்கே இருக்கின்றன, தரவுத்தளத்தின் பெயர் என்ன என்று நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்மேல் குற்றமில்லை. இரண்டாண்டு வாடிக்கையாளர் பேரேடு, எழுநூறுக்கு மேற்பட்ட பெயர்கள், போயிற்று. கையால் ஒரு முறை நிறுவியவருக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியும். இடிந்தால் திருப்பிக் கட்டவும் தெரியும்.

ஆகவே முதல் வேலை கணினியில் அன்று, நடவடிக்கைப் புத்தகத்தில் தொடங்குகிறது. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்தி, இணையப் பெயரை அந்த முகவரியிலேயே சங்கத்தின் பெயரால் பதிவு செய்வதென்று தீர்மானம் எழுதிக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக்குரிய ‘.இன்’ முடிவு எளிதில் கிடைக்கும். கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ‘.கூப்’ என்னும் முடிவும் 2002 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. அதை வேறு யாரும் வாங்க முடியாதென்பது அதன் பெருமை. வாடகை ‘.இன்’ முடிவைக் காட்டிலும் கூடுதல் என்பது அதன் குறை.

இனி வேலைக்கு வருவோம். ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்ததும் சீபேனல் என்றோ வேறு பெயராலோ ஒரு நிர்வாகப் பலகை தோன்றும். அங்கே முதலில் பிஎச்பியின் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். ஓப்பன்கார்ட்டின் நான்காம் வரிசைக்குக் குறைந்தது பிஎச்பி 8 தேவை. பிஎச்பி 7.4-க்கு அதை உருவாக்குவோர் 2022 நவம்பரோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்பில் இன்னும் ஓடும் மனையானால் பலகையிலேயே மாற்றிக்கொள்ளலாம். மாற்ற இயலாதென்று நிறுவனம் சொன்னால் அந்த மனை வேண்டாம்.

அடுத்து, தரவுத்தளம் ஒன்றையும் அதைக் கையாளும் பயனர் ஒருவரையும் உண்டாக்கி, அப்பயனருக்கு அத்தளத்தின்மேல் முழு உரிமை கொடுக்க வேண்டும். இவை மூன்றும் தனித்தனிக் காரியங்கள். மூன்றாவதை மறப்போரே மிகுதி. இன்னொரு இடறல்: நாம் ‘கடை’ என்று பெயரிட்டாலும், சீபேனல் அதன் முன்னே நம் கணக்கின் பெயரை ஒட்டிவிடும். பின்னர் நிறுவும்போது ஒட்டிய முழுப் பெயரைக் கொடுக்க வேண்டும். வெறும் ‘கடை’ என்று கொடுத்துவிட்டு, தரவுத்தளத்தோடு தொடர்பு கிடைக்கவில்லையென்று ஒரு பிற்பகல் முழுதும் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. நாமும் அவர்களுள் சேர்ந்தவர்களே. முழுப் பெயர்களையும் கடவுச்சொல்லையும் அப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்க.

பிறகு ஓப்பன்கார்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மென்பொருளைப் பெற வேண்டும். வேறு எங்கோ ‘இலவச’மாகக் கிடைக்கும் பொதிகளில் திருட்டு வரிகள் செருகப்பட்டிருக்கக் கூடும். சுருக்கிய ஒரே பொதியாக வரும் அதைக் கணினியில் விரித்து, கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றுவது பழைய வழி. நம் கடற்கரையில் தொடர்பு நடுவே அறுந்துபோவது வழக்கமாதலால், சில கோப்புகள் ஏறாமல் நின்றுவிடும். எவை நின்றன என்று கண்டுபிடிப்பது கடினம். சுருக்கிய பொதியை அப்படியே பலகையின் கோப்பு மேலாளர் வழியாக ஏற்றி, அங்கேயே விரிப்பது மேல். விரித்ததும் ‘அப்லோட்’ என்றொரு கோப்புறை தெரியும். அதன் உள்ளே இருப்பவற்றைத்தான் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்னும் கோப்புறைக்கு மாற்ற வேண்டும். கோப்புறையையே மாற்றினால், வாசலுக்குள் இன்னொரு வாசல் வைத்த கதையாகும். உலகத்தார் கண்ணுக்குத் தெரியும் கடைமுகப்பு ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ ஒன்றே.

உள்ளே ‘கான்ஃபிக்-டிஸ்ட்’ என்ற பெயரில் இரு கோப்புகள் உண்டு: ஒன்று முகப்பில், ஒன்று ‘அட்மின்’ கோப்புறையில். அவற்றின் பெயரிலிருந்து ‘-டிஸ்ட்’ என்ற வாலை நீக்கிவிட வேண்டும். நிறுவும்போது மென்பொருள் இவற்றில்தான் தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வைக்கும். ஆதலின் யார் இவற்றைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற கேள்வி எழுகிறது.

இதைச் சற்று நின்று பார்ப்போம். வழங்கியில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இலக்கம் உடையவருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்றெல்லாருக்கும். படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. இவற்றைக் கூட்டியதே இலக்கம். 644 என்றால் உடையவர் படிக்கவும் எழுதவும் செய்வார். மற்றவர் படிக்க மட்டுமே. சங்கத்தின் பேரேட்டைக் காரியதரிசி எழுதுகிறார், அங்கத்தினர் பார்வையிடுகிறார்கள் என்பது போல. கோப்புறைகளுக்கு 755 போதும். ஏதாவது வேலை செய்யாவிட்டால் எல்லாவற்றையும் 777 ஆக்கு என்று யோசனை சொல்வோர் இருக்கின்றனர். அது பேரேட்டையும் பேனாவையும் திண்ணையில் வைத்துவிட்டு வருவதாகும். பகிர்வு மனையில் அண்டைக்காரர் இருக்கிறார் என்பதை மறக்கலாகாது. இன்றைய ஹோஸ்டிங்குகளில் பெரும்பாலும் பிஎச்பி நம் கணக்கின் பெயரிலேயே இயங்குவதால் 777 தேவைப்படுவதே இல்லை. நிறுவி முடிந்தபின் அந்த இரு கான்ஃபிக் கோப்புகளையும் 444 ஆக்கி, உடையவரும் தவறுதலாக எழுதாதபடி பூட்டிவிடலாம்.

இப்போது உலாவியில் சங்கத்தின் இணையப் பெயரை அடித்தால் நிறுவும் பக்கம் தானே திறக்கும். உரிமப் பத்திரத்தை ஒப்புக்கொண்டதும், தேவையானவை எல்லாம் வழங்கியில் உள்ளனவா என்று அதுவே சோதித்துப் பட்டியலிடும். குறையிருந்தால் அந்த வரி சிவந்து நிற்கும். பிறகு, எழுதிவைத்த தாளைப் பார்த்துத் தரவுத்தள விவரங்களையும், நிர்வாகிக்குரிய பெயர், கடவுச்சொல் இரண்டையும் நிரப்ப வேண்டும். நிர்வாகியின் பெயராக ‘அட்மின்’ என்றே வைப்பது திருடனுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுப்பதாகும். சில விநாடிகளில் கடை எழுந்துவிடும்.

எழுந்தவுடன் மூன்று காரியம். ‘இன்ஸ்டால்’ கோப்புறையை அழிக்க வேண்டும். அது இருக்கும்வரை, வழிப்போக்கர் எவரும் நிறுவும் பக்கத்தைத் திறந்து நம் கடையைத் தம் தரவுத்தளத்தோடு இணைத்துவிட முடியும். ‘ஸ்டோரேஜ்’ கோப்புறையைக் கடைமுகப்புக்கு வெளியே நகர்த்த வேண்டும். ‘அட்மின்’ கோப்புறைக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும். முதன்முறை நிர்வாகப் பக்கத்தில் நுழையும்போது மென்பொருளே இவற்றை நினைவூட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமென்று அதை மூடிவிடாதீர்கள். கடையின் முகவரிக்குப் பூட்டுச் சின்னம் பெறுவதும் அன்றே ஆக வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல ஏற்பாட்டின் வழி அதற்குரிய சான்றிதழ் விலையின்றிக் கிடைக்கிறது. அது குறுகிய காலமே செல்லும். தானே புதுப்பித்துக்கொள்ளும்படி பலகையில் அமைத்துவிடலாம்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு சொல். தரவுத்தளத்தை யுடிஎஃப்-8 முறையில் அமைக்காவிட்டால் ‘உப்பு’ என்று எழுதியது கேள்விக்குறிகளாய்த் திரும்பி வரும். அம்முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு இடம். கண்ணுக்கு மூன்றெழுத்தாய்த் தோன்றும் ‘உப்பு’ கணினிக்கு உ, ப, புள்ளி, ப, உகரக்குறி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டு. வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது இது செலவாகவே தெரியும்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70 மட்டுமே. செய்தியைச் சுருக்கி எழுதப் பழக வேண்டும். ரூபாய்ச் சின்னத்தையும் நாணயப் பகுதியில் நாமே சேர்க்க வேண்டியிருக்கும். 2010-இல் ஏற்கப்பட்ட அச்சின்னத்தை வரைந்த உதயகுமார், அக்காலத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதை அங்கத்தினர் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம்.

எதை அடுக்குவது? இங்கே நம் அபிப்பிராயத்தைத் திறந்து சொல்கிறோம். உப்பைத் தனியாக இணையத்தில் விற்பது வீண். ஒரு கிலோ உப்பின் விலையைவிட அதன் அஞ்சல் கூலி பல மடங்கு. மேலும் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கென்று விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. பாத்தியில் வாரியதை அப்படியே பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. கைத்தறித் துண்டு, லுங்கி, சிறுவந்தாட்டுப் பட்டு, முந்திரிப்பருப்பு ஆகியவை எடை குறைந்து விலை கூடியவை, கூலியைத் தாங்கும். துணிக்கு நீள அகலமும், பருப்புக்கு நிகர எடையும், உணவு உரிம எண்ணும் பக்கத்திலேயே காட்டப்பட வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல மெகாபைட்டு இருக்கும். அதைச் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்காமல் ஏற்றினால், வாங்க வந்தவர் படம் திறப்பதற்குள் போய்விடுவார். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதானால் ஜி.எஸ்.டி. பதிவு பற்றித் தணிக்கையாளரை முன்னதாகவே கேட்டுக்கொள்வது நலம்.

பணம் வாங்குவதற்கு, யு.பி.ஐ.யும் அட்டைகளும் ஏற்கும் இடைநிலை நிறுவனம் ஒன்றோடு சங்கம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு சங்கத்தினுடையதாகவே இருக்கட்டும், காரியதரிசியுடையதாயினும் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரிகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. தொலைபேசியில் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே நிறுத்துக. திறப்பு விழாவுக்கு முன், அங்கத்தினர் ஒருவர் ஒரு துண்டை உண்மையாகவே விலை கொடுத்து வாங்கி, பணம் கணக்கில் ஏறிற்றா, ரசீது போயிற்றா என்று பார்த்துவிட வேண்டும்.

2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களுள் ஒன்றான ஓவிஎச் நிறுவனத்தின் வழங்கிக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. லட்சக்கணக்கான தளங்கள் மறைந்தன. நகல் எடுத்திருந்தோருள்ளும் அந்நகலை அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தனர். நமக்குத் தீயைவிடப் புயலே அணுக்கம். 2020-இல் நிவர் மரக்காணத்தருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்க அலுவலகக் கணினியில் மட்டும் நகல் இருந்தால் அது நகலாகாது. வாரம் ஒரு முறை கோப்புகளையும், நாள்தோறும் தரவுத்தளத்தையும் நகலெடுத்து, ஒரு பிரதியை வெளியூரில் வைக்க வேண்டும். கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டுத் தரவுத்தளத்தை மறந்தால் கட்டடம் மிஞ்சும், கணக்கு மிஞ்சாது. ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், உப்பளத்தில் வேலை ஓயும் புரட்டாசியில், அந்நகலிலிருந்து கடையை வேறோர் இடத்தில் எழுப்பிப் பார்த்துவிடுவது தக்கது. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதும் முதலில் நகல், பிறகே மாற்றம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி கடையின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் காணப்பட வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புயல் நாளில் மின்சாரம் இல்லையென்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? கடையைத் தற்காலிகமாக மூடும் பொத்தான் நிர்வாகப் பக்கத்தில் உண்டு. கைப்பேசியிலிருந்தே அதை இயக்க இருவருக்கேனும் பழக்கிவைக்க வேண்டும்.

எழுதிக்கொண்ட அந்தத் தாளை மறந்திருக்க மாட்டீர்கள். அதை இரு பிரதியாக்கி, உறையிலிட்டு முத்திரை வைத்து, ஒன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றைத் தலைவரிடமும் வைக்க வேண்டும். உறையைத் திறந்தவர் பெயரும் தேதியும் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற வேண்டும். நிர்வாகக் குழு மாறும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொற்களை மாற்றிப் புதிய உறை வைக்க வேண்டும். நேர்க்கடையில் காலையில் விற்ற ஒற்றைச் சேலையை மாலையில் இணையக் கடையிலும் விற்றுவிடாதபடி இரு கடைகளின் இருப்பையும் ஒத்துப் பார்க்கும் முறையை அடுத்த பாடத்தில் காண்போம்.